ஓடு எங்கே போச்சு?

போன வாரம் என் மீன் தொட்டி மூடிக்கு கேபிள் டை போட்டேன்.

கம்பெனியில் வயர்களைக் கட்டுவோமே, அந்த பிளாஸ்டிக் பட்டை. ஒரு தடவை இழுத்துவிட்டால் அவ்வளவுதான், வெட்டித்தான் எடுக்கவேண்டும். மீன் தொட்டிக்கு ஏன் அது என்கிறீர்களா? திருட்டு பயம்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்கு என் ஆர்வங்களின் ஆயுள் தெரியும். கீபோர்டு வந்தது, போனது. சைக்கிள் வந்தது, மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. இப்போது சிக்லிட். ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியிலிருந்து உலகம் சுற்றும் மீன். என்னிடம் இருப்பது அதிலேயே குட்டி வகை... விரல் நீளம்கூட இல்லை. காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும். முட்டையிட்டுக் குட்டி பொரிப்பதும் அதற்குள்தான்.

அதற்கு உப்புத்தன்மை உள்ள கடினத் தண்ணீர் வேண்டுமாம். ஓசூரில் அதற்கா பஞ்சம்? எங்கள் வீட்டு ஹீட்டர் காயிலைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்குக் குளிக்கும் அந்த போர் தண்ணீரில் என் மீன்கள் ஆனந்தமாக இருந்தன. குட்டிகளும் வந்தன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஓட்டு வாசலில் ஒரு சின்னக் கூட்டம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? தொட்டியின் மேல்பாதி காலியாகத் தெரிந்தது. துணைக்கு யாரை விடலாம் என்று இணையத்தில் தேடினேன். ஒருவர் "தாராளமாக விடலாம்" என்கிறார். அடுத்தவர் "விட்டால் ரத்தக்களறி" என்கிறார். இரண்டு பேருமே பத்து வருட அனுபவசாலிகள்... அவர்கள் சொல்வதுதான்.

ஜூஜுவாடி பக்கம் ஒரு மீன் கடை. கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கறுப்பு வரி போட்ட ஒல்லியான ஒரு மீனைக் காட்டினார். பெயர் ஜூலி. அதே ஏரிக்காரி.

"இது ஒண்ணும் பண்ணாது மேடம். கல்லு சந்துல இருக்கும். ஏனும் தொந்தரே இல்ல."

வாங்கி வந்தேன். குட்டிகள் குறைய ஆரம்பித்தன.

முதலில் ஜூலியைத்தான் சந்தேகப்பட்டேன். கல் சந்திலிருந்து தலையை நீட்டும். நான் பார்த்தால் பின்வாங்கும். யோக்கியமான மீன் ஏன் பின்வாங்குகிறது? ஆனால் அடுத்த நாள் பார்த்தால் ஒரு நத்தை ஓட்டையே காணோம். சிக்லிட் மணலைத் தோண்டி ஓட்டை நகர்த்தும், புதைக்கும்... எல்லாம் சரி. மணலைக் கிளறிப் பார்த்துவிட்டேன். இல்லை. மீன் குட்டியைத் தின்னும். ஓட்டைத் தின்னுமா?

ஆக, இது கையுள்ள ஆள் செய்த வேலை.

வீட்டில் என்னைத் தவிர இருப்பது முத்துலட்சுமி. தென்காசிக்காரி, வேறு கம்பெனி. அவள் காலை ஷிப்ட் என்றால் எனக்கு மதியம். ஒரே வீடு, ஒரே கேஸ் அடுப்பு. ஆனால் நாங்கள் முகம் பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் அவளை நான் கழுவி வைத்த டம்ளராகவும் காயப்போட்ட துப்பட்டாவாகவும் மட்டுமே அறிவேன். ஆளைப் பார்க்காமல் தடயத்தை மட்டும் பார்த்தால் என்ன வளரும்? சந்தேகம்தான்.

காரணமும் இருந்தது. பாகலூர் பக்க ஏரிக்கரையில் பொறுக்கிய நத்தை ஓடுகளை நான் சுத்தம் செய்ய வேகவைத்தது அவளுடைய பால் பாத்திரத்தில். அந்த ஞாயிறு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பழிவாங்குகிறாள்.

ஆகவே கேபிள் டை. தீனி போட மட்டும் மூடியில் ஒரு சின்னத் துளை.

ஞாயிறு காலை எழுந்து வந்தால், தொட்டி முன்னால் முத்துலட்சுமி நிற்கிறாள். கையில் கத்தரிக்கோல்.

"ஏட்டி, இது யாருக்குப் போட்ட பூட்டு?"

"மீன் குதிச்சிடும்னு..."

"இத்தன நாளா குதிக்காத மீனு, நேத்துதான் குதிக்கப் படிச்சுதாக்கும்?"

நான் மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"வீட்டுல ரெண்டே பேரு. நீ பூட்டுனா, அது எனக்குத்தான். நான் மத்திகிரி பக்கம் ரூம் பாத்துட்டேன். இந்த மாசத்தோட போயிருதேன். அதுக்கு முன்னாடி இத வந்து பாரு."

துணி துவைக்கும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூலையில், அவள் ஊறவைத்த துணி என்று நான் கண்டுகொள்ளாத ஒரு வெள்ளை பக்கெட். உள்ளே காணாமல் போன ஓடு. அதைச் சுற்றி, தூசி மாதிரி நடுங்கிக்கொண்டு... குட்டிகள்.

"ஒன் புது மீனு ஒண்ணொண்ணா முழுங்குச்சு. நான் கண்ணால பாத்தேன். டீ வடிகட்டிய வச்சு அள்ளுனேன். கொஞ்சம் அந்த ஓட்டுக்குள்ள ஓடிருச்சு, ஓட்டோட தூக்கிட்டேன்."

பக்கெட் முன்னால் உட்கார்ந்தேன். "எந்தத் தண்ணி ஊத்தின? கேன் தண்ணியா?" கேன் தண்ணீரில் உப்பே இருக்காது. இந்தக் குட்டிகள் தாங்காது.

"ரெண்டு மாடி கேன் தூக்கிட்டு வாரது யாரு? நான். அத ஒன் மீனுக்கு ஊத்துவேனா? கொழாத் தண்ணிதான்."

அப்பாடா. அவளுடைய சிக்கனம் வாழ்க.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்?"

அவள் பக்கெட்டை நிழலுக்கு நகர்த்தினாள். பிறகு சொன்னாள். "எங்க அண்ணன் அரோவானான்னு ஒரு பெரிய மீனு வளக்கான். அதுக்கு உசுரோட குட்டி மீனு வாங்கிப் போடுவான். நீயும் அந்தக் கோடு போட்ட மீனுக்குத் தீனியாத்தான் இதுகள வளக்கியோன்னு நெனச்சேன். நத்தைய வேக வச்சவதான நீ."

பார்த்தீர்களா? நான் அவளைத் திருடி என்று நினைத்த அதே நேரத்தில், அவள் என்னைக் கொலைகாரி என்று நினைத்திருக்கிறாள். தடயங்கள் இரண்டு பேரிடமும் பக்காவாக இருந்தன.

கத்தரிக்கோலை வாங்கி நானே வெட்டினேன். "தப்புதான்டி" என்றேன். ஜூலியைப் பிடிக்க வலை போட்டபோது அவள் மறுபக்கம் நின்று விரட்டினாள்.

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம்.

"எத்தினி அடி டேங்க் மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டடி."

"நாலடியில விட்டா ஒத்துப்போகும். கல்லு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். ரெண்டடியில எங்க போகும்?"

அன்றைக்கு அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இணையத்து அனுபவசாலிகளும் எழுதவில்லை. யாருக்கு யார் ஒத்துவருவார்கள் என்று ஊரே பேசுகிறது... நடுவில் எத்தனை அடி இடம் என்று யாராவது கேட்கிறார்களா?

ஜூலியை வாங்கிக்கொண்டு இன்னொரு மீனைக் காட்டினார். "இது ஒண்ணும் பண்ணாது."

முத்துலட்சுமி குனிந்து அதன் வாயைப் பார்த்தாள். "அண்ணே, இத ஒங்க வீட்டுத் தொட்டியில விட்டிருக்கீங்களா?"

"வீட்டுல நான் மீனே வெக்கறதில்லமா."

வெறுங்கையோடு திரும்பினோம். வண்டியில் வரும்போது, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டேன். "மத்திகிரி ரூம் என்னாச்சு?"

"பக்கெட்டத் தூக்கிட்டு எப்படிட்டி போக? குட்டி கொஞ்சம் பெருசாகட்டும். அப்புறம் பாப்போம்."

இந்த வகை மீன்கள் மிக மிக மெதுவாக வளரும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.