இரண்டு வயான்களும் ஒரு கடைசி வார்த்தையும்

எங்கள் ஊரில் வண்டி பஞ்சரானால் கந்துனிடம்தான் போக வேண்டும். வேறு கடை கிடையாது. வெளியூர்க் கடைக்காரர்கள் காற்றடிக்கும் கட்டணத்தை எழுதி வைக்கிற இடத்தில் அவன் ஒரு பலகை மாட்டியிருக்கிறான்: "வயான், நீ சொன்னதுதான் சரி." அதன் கீழே சின்ன எழுத்தில், "அப்பாவின் கடைசி வார்த்தை." டியூபில் ஒரு ஓட்டைதானே இருக்கும் என்று யாராவது வாதம் பண்ணினால் கந்துன் வாயைத் திறப்பதில்லை. திருப்புளியால் பலகையை இரண்டு தட்டு தட்டுவான். செத்துப்போனவரிடம் யார் மல்லுக்கட்டுவது? இரண்டு ஓட்டைக்கும் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இதே வாசகம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. தலைமையாசிரியர் லோத்ரா, கந்துனின் சொந்த அண்ணன். அவரும் ஒரு வயான்.

பாலியில் பிள்ளைக்குப் பெயர் வைக்க மூளையைக் கசக்க வேண்டியதில்லை. முதல் பிள்ளை வயான். அடுத்த மூன்றுக்கும் வரிசையாகப் பெயர் உண்டு, நான்கோடு சரக்கு தீர்ந்துவிடும். ஐந்தாவதாக ஒன்று பிறந்து தொலைத்தால் மறுபடியும் வயானிலிருந்து தொடங்க வேண்டும். வயான் லோத்ரா மூத்தவர். நடுவில் மூன்று பெண்கள், மூவரும் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். கடைக்குட்டி வயான் கந்துன். தலைச்சன் பிறந்ததும் பெற்றவர்களுடைய பெயரும் காலாவதியாகிவிடும். லோத்ரா பிறந்த நாளிலிருந்து தகப்பனார் பான் லோத்ரா, அதாவது லோத்ராவின் அப்பா. தாயார் மென் லோத்ரா. கந்துனுக்கு அவனுடைய அப்பாவின் பெயரில்கூடப் பங்கு இல்லை.

நான் கெதுத், அடுத்த வீடு. இடையில் ஒரு சுவர்தான். பான் லோத்ரா இறந்த அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் லோத்ராவும் கந்துனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கிழவர் கண்ணைத் திறந்தார், தெளிவாகச் சொன்னார், "வயான், நீ சொன்னதுதான் சரி." அவ்வளவுதான், மூச்சு நின்றுவிட்டது. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. நான் என்னத்தைச் சொல்ல? பான் லோத்ராவுக்கு மாறுகண். ஆளுக்கு ஒரு கண் வைத்துவிட்டுப் போனார்.

உயிரோடு இருந்தவரை யார் சொன்னதையும் சரி என்று ஒப்புக்கொண்ட மனிதர் அல்ல அவர். அதனால் ஊரே பரபரத்தது. பன்றிக்கொட்டிலைத் தெற்குப் பக்கம் மாற்றச் சொல்லி வருஷக்கணக்காகத் தலையால் அடித்துக்கொண்டதைத்தான் அப்பா ஒப்புக்கொண்டார் என்றார் லோத்ரா. கையோடு கொட்டிலை மாற்றியும் விட்டார். சிவப்புச் சேவலை விற்காதீர்கள் என்று தான் சொன்னதைத்தான் அப்பா சொன்னார் என்றான் கந்துன். சேவலை வாங்கியவனைத் தேடிப் போனான். அவன் அதை எப்போதோ குழம்பு வைத்துவிட்டான்.

"கந்துனை அவங்கப்பா என்னைக்குடா வயான்னு கூப்பிட்டாரு? விசில்தானே அடிப்பாரு" என்றார்கள் லோத்ரா கட்சிக்காரர்கள், காபிக்கடையில். அது உண்மைதான். முதல் வயானோடு குழப்பம் வரக்கூடாது என்று கிழவர் இவனை விசில் அடித்தே வளர்த்தார்.

"உயிர் போற மனுஷனுக்கு விசில் அடிக்க மூச்சு ஏதுடா?" என்றான் கந்துன். சொல்லும்போதே அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் காபியைப் பார்க்க ஆரம்பித்தோம்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சலித்துப்போனவள் மென் லோத்ராதான். "அந்த ஆளோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன். ஒரு நாள் என்னைப் பார்த்து நீ சொன்னது சரின்னு சொன்னதில்ல. போற நேரத்துல சொன்னதுக்கு இவனுங்க பங்கு பிரிக்கிறானுங்க" என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள்.

பான் லோத்ராவை ஊர் இடுகாட்டில் புதைத்திருந்தோம். புதைத்தவர்களை எல்லாம் சில வருஷத்துக்கு ஒருமுறை தோண்டியெடுத்து ஒன்றாக எரியூட்டும் சடங்கு நெருங்கியபோது, வழக்கப்படி ஆவியை வரவழைத்துக் குறி சொல்லும் அம்மாவிடம் போய் இறந்தவருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். போகிறதுதான் போகிறோம், எந்த வயான் என்பதையும் கிழவரிடமே கேட்டுவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. மென் லோத்ராவோடும் இரண்டு வயான்களோடும் நடுவனாக என்னைப் பிடித்து அனுப்பினார்கள்.

அந்த அம்மாள் குட்டையாக, வாய் நிறைய வெற்றிலையோடு இருந்தாள். சாம்பிராணி புகைந்தது. திடீரென்று தோளைக் குறுக்கிக்கொண்டு, கரகரத்த குரலில் கிராம்பு சிகரெட் கேட்டாள். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்தாள். "அவரேதான்" என்றாள் மென் லோத்ரா, மூக்கைச் சிந்தியபடி.

"இங்க குளிருது. ஒரு ஸ்வெட்டர் அனுப்புங்க" என்றார் கிழவர், அந்த அம்மாளின் வாயால். "ஊர்வலத்துல என்னோட அந்தப் படத்தைத் தூக்காதீங்க. ஸ்டுடியோக்காரன் ரெண்டு கண்ணையும் நேராக்கி வச்சிருக்கான். யாரையோ எரிக்கிறாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

லோத்ரா தொண்டையைக் கனைத்தார். "அப்பா, போறப்ப ஒண்ணு சொன்னீங்களே. எந்த வயானுக்குச் சொன்னீங்க?"

"இது என்ன கேள்வி? வயானுக்குத்தான்."

"ரெண்டு வயான் இருக்கோம்பா."

"எனக்குத் தெரியாதா? பெத்தவன் நான்தானே. எவன் சொன்னானோ அந்த வயானுக்கு."

நடுவன் என்ற முறையில் நான் குறுக்கிட்டேன். "பெரியவரே, அவன் என்ன சொன்னான்னு நீங்க சொன்னாப் போதும். நாங்க ஆளைக் கண்டுபிடிச்சுக்கறோம்."

"அதுவா? அன்னைக்கு நான் அவன்கிட்ட" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னொரு சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்று கந்துன் கத்தினான். அதே நேரத்தில் லோத்ரா, "ஸ்வெட்டர் என்ன கலர்ல வேணும்பா?" என்று அதைவிடச் சத்தமாகக் கேட்டார். கேள்வி கேட்க மலை ஏறி வந்தவர்கள் பதில் வரும்போது வாயை அடைக்கிறார்கள். கிழவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். "உயிரோட இருந்தப்பவும் என்னைப் பேசவிடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து வெற்றிலையைத் துப்பினாள்.

திரும்பும்போது மென் லோத்ரா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் திறந்த வண்டியில் காலிக் கூடைகளோடு நாங்கள் மூன்று பேர். பாதி மலை இறங்கியாயிற்று. பிறகு கந்துன் ஆரம்பித்தான்.

"அண்ணே, அது எனக்குச் சொன்னதுதான். சேவல் விஷயமெல்லாம் பொய். அம்மா காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். நான் எழுந்திருப்பேனாடான்னு கேட்டாரு. நீங்க எல்லாரும் அவருகிட்ட எழுந்திருச்சிடுவீங்க, எழுந்திருச்சிடுவீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் மாட்டீங்கப்பான்னு சொல்லிட்டேன். அவரு அப்புறம் கஞ்சியே குடிக்கல." அவன் கூடையின் ஓலையைப் பிய்த்தான். "நான் சொன்னதாலதான் போயிட்டாரோன்னு தூக்கம் இல்லண்ணே. நீ சொன்னது சரின்னு அவரே சொன்னதுக்கப்புறம்தான் கொஞ்சம் மூச்சு வந்துது. அதையும் நீங்க கேக்கறீங்க."

லோத்ராவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தையே நடுங்கவைக்கிற மனிதர். தலையைக் குனிந்து கால் விரல்களைப் பார்த்தார்.

"என்கிட்டயும் கேட்டாருடா" என்றார். "ராத்திரி கால் அமுக்கிக்கிட்டு இருந்தப்ப. உங்க முன்னாடிதான் எழுந்திருச்சிடுவீங்கன்னு சொன்னேன். தனியாக் கேட்டப்ப முடியல. இல்லப்பான்னு சொல்லிட்டேன். மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாரு."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. கூடைகள் உருண்டன. யாரும் பிடிக்கவில்லை.

"அப்போ உங்களுக்குத்தான் சொல்லியிருப்பாருண்ணே" என்றான் கந்துன். "மூத்தவரு நீங்க. வச்சுக்குங்க."

"இல்லடா, உனக்குத்தான். கஞ்சி ஊட்டினவன் நீ."

"கஞ்சியாவது ஒண்ணாவது. உங்களைத்தான் பார்த்தாரு. நான் கவனிச்சேன்."

"எந்தக் கண்ணாலடா பார்த்தாரு? உன்னைத்தான் பார்த்தாரு. நான் சொல்றேன், பேசாம வச்சுக்க."

"எனக்கு வேண்டாம்ணே. இத்தனை நாள் நீங்க எப்படித் தூங்கினீங்க?"

முன்னாலிருந்து மென் லோத்ரா கண்ணாடியைத் தட்டினாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களாடா? கடைசியில யாருக்குன்னு முடிவு பண்ணினீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். இருவர் முகமும் நனைந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நடுவன் நானும் அழுதுகொண்டிருந்தேன்.