துடக்கு வீட்டுப் பொயிலர்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கல்யாண மண்டபத்தில் எதிர்ப்பட்டால் சாப்பாட்டு வரிசையைக்கூட விட்டு விலகிவிடுவேன்.

ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டோர்செட் பார்க் அடுக்குமாடியை விட்டு டான்போர்த் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு வந்திருந்தோம். வீட்டுக்கு அடியில் பேஸ்மென்டில் இருக்கும் பொயிலர் தண்ணீரைச் சுடவைக்கும். அந்தத் தண்ணீர் குழாய்களில் ஏறி ஒவ்வொரு அறையிலும் நிற்கும் இரும்பு ரேடியேற்றருக்குள் ஓடும். நாங்கள் வந்த ஒக்டோபரிலேயே பழைய பொயிலர் செத்துப்போனது. மனைவிக்கு நிறைமாதம். புதிது பூட்டியே ஆகவேண்டும்.

"பொயிலர் பூட்டுற எங்கட ஆள் ஒருத்தர் இருக்க வேற ஆரையும் ஏன் கூப்பிடுவான்?" என்றார்கள் தெரிந்தவர்கள் எல்லோரும். எங்கட ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கோயில் காரியம் எதுவென்றாலும் முன்னுக்கு நிற்பவர். ஒரு பகல் முழுக்கப் பேஸ்மென்டில் தட்டினார், முறுக்கினார். பின்னேரம் பொயிலரை ஓடவிட்டு மேலே வந்து முன்னறை ரேடியேற்றரில் கையை வைத்தார்.

"பாரும் தம்பி, தோசைக்கல்லு மாதிரிச் சுடுது," என்றார்.

அவ்வளவுதான். சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படுக்கை அறைகள் இரண்டும் மாடியில் இருந்தன. மாடிக்குப் பன்னிரண்டு படிதான். அதை ஏறி இன்னும் இரண்டு ரேடியேற்றரைத் தொட்டுப் பார்க்க அவருக்குப் பஞ்சி, சோம்பல்.

பிள்ளை பிறந்த பத்தாம் நாள் சரியான குளிர் இறங்கியது. கீழே முன்னறையில் எனக்கு வியர்த்தது. மாடியில் மனைவி ஜக்கெற்றோடு உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கட ஆளுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, மேல் ரேடியேற்றர் ரெண்டும் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"புதுப் பொயிலரெல்லோ. ரெண்டு நாள் விட்டுப் பாரும்."

இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். திரும்ப எடுத்தேன்.

"தம்பி, நான் கந்தசட்டி பிடிக்கிறன். உது பிள்ளை பிறந்த வீடு. விரதத்தோட துடக்கு வீட்டுக்குள்ள கால் வைக்கேலாது. சூரன்போர் முடியட்டும், அடுத்த நாள் பாறணையும் முடிச்சுக்கொண்டு வாறன்."

"ஓம் அண்ணை," என்றேன்.

சரியென்று சொன்ன அந்த 'ஓம்'தான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் வீட்டுக்குத் தீட்டு, அதுதான் துடக்கு; விரதகாரர் அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியாததா? ஆனால் விரதம் பிடிப்பவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம். என்ன செய்யலாம் என்று போனிலாவது சொல்லலாம். தான் செய்த வேலை பிழையாகிப்போனால் அதற்குத் தான்தான் பொறுப்பு என்ற எண்ணம் கொஞ்சமாவது இருக்கவேண்டாமா? முருகனைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். வேறு ஆளைக் கூப்பிட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நானும் சும்மா இருந்தேன்.

ஒரு சின்ன மின்சார ஹீற்றர் வாங்கிப் போட்டேன். பழைய வயர், பியூஸ் போனது. மாற்றினேன், திரும்பவும் போனது. கீழே அந்த முன்னறை அடுப்படி போலச் சூடாகக் கிடந்தது. ஆனால் அங்கேதான் சாமித்தட்டு. விளக்கேற்றாமல் துணியால் மூடியிருந்தாலும் சாமி சாமிதானே. துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் அந்த அறைக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். எனக்கு விடியப்புறம் வேலை. அதனால் நான் கீழே சோபாவில் படுத்தேன்.

விரதத்தின் நாலாம் நாள் பிள்ளையைப் பார்க்கச் சுகாதாரத் தாதி வந்தாள். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. தாதி தேர்மோமீற்றரை வைத்துப் பார்த்தாள், திரும்பவும் வைத்துப் பார்த்தாள். உடம்புச் சூடு குறைந்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். கீழே இவ்வளவு சூடாக இருக்க, குழந்தையை ஏன் மேலே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்பதுபோல நின்றேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது பிள்ளை. அந்த நேரம்தான் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டேன். வயதான வெள்ளைக்காரர். வந்ததும் நேராக மாடிக்கு ஏறினார். சட்டைப் பையிலிருந்து விரல் அளவு சாவியொன்றை எடுத்து ஒவ்வொரு ரேடியேற்றரின் ஓரத்திலும் இருந்த ஆணியைக் கொஞ்சம் திருப்பினார். உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு தண்ணீர் சொட்டியது. கால் மணித்தியாலத்தில் இரும்பு சுட்டது. புதுத் தண்ணீர் விட்டால் குழாயில் காற்று அடைபடும், பூட்டியவர் அதைத் திறந்துவிடாமல் போகவே கூடாது என்றார். ஒரு ஆணி! போனில் சொல்லியிருந்தால் நானே திருப்பியிருப்பேன்.

பிள்ளை சுகமாக வீட்டுக்கு வந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க ஐயர் வரவிருந்தார். அவருக்கு முன்னமே எங்கட ஆள் கையில் ஒரு பார்சலோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தார்.

"இப்ப வீடு நல்ல சூடாக் கிடக்கே. நான் சொன்னனான் எல்லோ?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "மனுசரே நீங்கள்? பிள்ளை செத்திருந்தா அதுக்கும் பாறணை முடிச்சுக்கொண்டே வந்திருப்பியள்?" என்றேன். அவர் பார்சலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் இன்னும் கத்தினேன். கத்துவது நன்றாக இருந்தது.

சத்தம் கேட்டு மனைவி பிள்ளையோடு படியிறங்கி வந்தாள்.

"அவர் துடக்கெண்டு உள்ளுக்கு வரேல்லை. நீங்கள் துடக்கெண்டு எங்களைக் கீழ இறங்கவிடேல்லை," என்றாள். "அவரை மட்டும் ஏன் பேசுறியள்?"

ஐயர் இன்னும் வரவில்லை. தீர்த்தம் தெளிக்கவில்லை. அவள் சாமித்தட்டைத் தாண்டிப் போய், ரேடியேற்றருக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.