சித்தி வைத்துக் கொடுத்த மேப்

எந்த முனையில் திரும்பினாலும் சித்தி நாலடி போய் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். "போறப்ப தெருவுக்கு ஒரு முகம், வர்றப்ப வேற முகம்டி. ரெண்டையும் பார்த்து வச்சுக்கணும்" என்பார்.

அம்மாவின் தங்கை அவர். பாஷை தெரியாத இந்த நாட்டுக்குத் தனியாக வந்து, ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தார். தெருப் பெயர்ப்பலகைகளைப் படிக்கத் தெரியாது. பச்சைக் கதவு மருந்துக்கடை, கைப்பிடி உடைந்த பெஞ்சு என்று ஊரையே அடையாளமாக மனதில் வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் என்னையும் அழைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறு யார் வேலை வாங்கித் தருவார்கள்? கட்டில் விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். இருவருக்கும் ஒரே அறை.

வந்த இரண்டாம் வாரம் வழி தவறி மழையில் அலைந்தேன். யாரையும் நிறுத்திக் கேட்க எனக்கு வாய் வராது. மறுநாள் சித்தி என் போனை வாங்கி என்னென்னவோ அழுத்தினார். எங்கள் ஓட்டலின் தமிழ் மேற்பார்வைக்காரம்மா சொல்லிக் கொடுத்ததாம்.

"இந்தா, மேப். இனிமே இவ கூட்டிட்டுப் போவா. தப்பாத் திரும்பினாலும் திட்ட மாட்டா. உங்கம்மாவா இருந்தா முதுகுல ரெண்டு வச்சிருப்பா."

"நீங்க அதைப் பார்த்து நடக்கலையா?"

"எனக்குத்தான் கழுத்து இருக்கே."

மேப்பில் வழி சொன்ன அந்தப் பெண்குரலை நம்பித்தான் தனியாக வெளியே போகப் பழகினேன். அப்படித்தான் ஒரு தையல்கடை கண்ணில் பட்டது. தையல் எனக்குக் கைவந்த வேலை. நாலு வாரம் விடுமுறை நாளில் போய்த் தைத்துக் காட்டினேன். அடுத்த மாதம் சேரச் சொன்னார் கடைக்காரம்மா. சேர்ந்த பிறகு சித்தியிடம் சொல்லி அசத்த நினைத்திருந்தேன்.

அதற்குள் மேற்பார்வைக்காரம்மா வராந்தாவில் என்னை மடக்கினார். "என்னம்மா, ஊசிநூல் வேலை எப்படிப் போகுது? நாலு வாரமா ரெண்டு மணிக்கு டாண்ணு போயிடுறியாமே?"

அடுத்த விடுமுறைக்குப் போனபோது கடைக்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். ஓட்டல் சீருடை முழுவதும் அந்தக் கடையில்தான் தைக்கிறார்கள்; மேற்பார்வைக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்று சாயங்காலம் சித்தி குளிக்கப் போயிருந்தார். முக்காலியில் அவருடைய போனில் மேப் திறந்து கிடந்தது. எங்கள் தெருவின்மேல் சின்ன வட்டத்துக்குள் என் முகம். இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தேன். என் முகமும் கூடவே நகர்ந்தது.

திரும்பி வந்து நீட்டினேன். "இது என்ன சித்தி?"

"நீ தொலைஞ்சு போயிடக் கூடாதுன்னுதான்டி வச்சேன்."

"மேற்பார்வைக்காரம்மாகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

தலை துவட்டிய துண்டு நின்றது. "நீ வேற வேலைக்குப் போயிட்டா, நாளைக்கு ரூமும் வேற பார்ப்ப. அப்புறம் நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

சித்தி துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அரிசி களையப் போனார்.

இப்போதும் மூன்றாம் மாடியின் பதினெட்டு அறைகளை நான்தான் சுத்தம் செய்கிறேன். சித்தியோடு அதே அறையில்தான் இருக்கிறேன். தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறோம். விடுமுறை நாளில் போனைத் தலையணைமேல் வைத்துவிட்டுக் கிளம்பி, ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். வேறு தையல்கடை இன்னும் கிடைக்கவில்லை.