லாலாகுடாவில் உண்டு, கிராமத்தில் இல்லை

மலத்தில் ரத்தம் வருகிறது என்பதை என் அக்காவின் கணவர் முதலில் என்னிடம்தான் சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. நான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் உடல்நலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அக்கா சமையலறையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாளை மடித்துக்கொண்டே, மழை வருமா என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டார்.

"ஏம்மா பேப்பர்காரி, வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டா அது மூலம்தானே?"

"மூலமா இருக்கலாம், மாமா. வேறயாவும் இருக்கலாம். எப்பலேர்ந்து?"

"வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து. சூடு, வேற என்ன? எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறதையே விட்டுட்டேன்ல."

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. இத்தனை தலைமுறையில் பலவற்றை விட்டுவிட்டோம். இளையவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் சூட்டை மட்டும் விடவில்லை. கண் சிவந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு, தூக்கம் வராவிட்டாலும் சூடு. அன்று மாலைக்குள் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வைத்தியம் தொடங்கியது. காலையில் வெந்தயம் ஊறிய மோர். சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய். வாரத்தில் பாதி நாள் கருணைக்கிழங்கு. மிர்ச்சி பஜ்ஜி அடியோடு நிறுத்தம். ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

தெருமுனை டாக்டர் கையுறை போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே மூலம் எதுவும் தெரியவில்லை, கொலோனோஸ்கோபி செய்துவிடுவது நல்லது என்றார். அக்கா அதை கேமரா டெஸ்ட் என்று மொழிபெயர்த்தாள். கேமரா எந்த வழியாகப் போகும் என்று மாமா விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் மகள் தினமும் அலுவலக வண்டியிலிருந்து போன் செய்வாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

"டாடி, ஒக்க டெஸ்ட் அந்த்தே கதா! ப்ளீஸ்!"

"ஒரே ஒரு டெஸ்ட்தான்னு எல்லாரும் சொல்றீங்க. உள்ள போறது உங்களுக்கா எனக்கா?"

இதற்கிடையில் எங்கள் உடல்நலப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் நம் நாட்டில் கிராமங்களைவிட நகரங்களில் அதிகமாகப் பதிவாகிறது என்பது அதன் சாரம். நார்ச்சத்துக் குறைந்த உணவு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, எடை, மது, புகை என்று வழக்கமான காரணங்கள் இருந்தன. நகரத்தில் பரிசோதனை வசதியும் அதிகம் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. சில பணக்கார நாடுகளில் நிலைமை தலைகீழ், அங்கே கிராமப்புறத்தார்தான் கூடுதலாக அவதிப்படுகிறார்கள் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரிதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கிராமம் என்பதே ஒரு பாதுகாப்பு என்றால், அது ஒரு நாட்டில் மட்டும் எப்படி வேலை செய்யும்?

தலைப்பு வைத்தவருக்கு அந்தக் கேள்வி இல்லை. 'பதிவாகிறது' என்ற சொல்லுக்குப் பத்தியின் அகலத்தில் இடமும் இல்லை. நகரத்து நோய் என்ற பொருளில் இரண்டே சொல் போட்டுவிட்டார். மாமா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

"உன் பேப்பர்லயே போட்டிருக்கு. சிட்டிதான் கெடுதல். நான் லைன் மாத்திப் பாக்கப் போறேன்."

லைன் மாற்றுவது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாமா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். ஒரு பெட்டி ஓடும்போது சத்தம் போட்டால், குற்றம் பெட்டியிலா தண்டவாளத்திலா என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்டியை வேறு தண்டவாளத்தில் ஓட்டுவார்கள். அங்கே சத்தம் வராவிட்டால் பெட்டி நல்ல பெட்டி. வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும் பக்கத்து வீட்டு பிளக்கில் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் திருப்புளியைத் தொடுவார். அந்த முறை அவரை அநேகமாகக் கைவிட்டதில்லை.

அவரிடம் இரண்டாவது தண்டவாளமும் இருந்தது. காஜிப்பேட்டை லைனில், ஒரு சிறிய ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், கூட வேலை பார்த்தவர் மூலம் கொஞ்சம் நிலம் வாங்கி, ஷீட் போட்ட ஓர் அறையும் சமையலறையும் கட்டியிருந்தார். நாலைந்து கொய்யா மரங்கள். அங்கே போய்ச் சோள மாவில் தட்டிய ஜொன்ன ரொட்டியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கப்போவதாக அறிவித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பாசெஞ்சர் ஏறிவிட்டார்.

இரண்டாவது வாரம் அக்காவுக்குப் போன் வந்தது. நின்றுவிட்டதாம். சுத்தமாக நின்றுவிட்டதாம்.

இடையில் பென்ஷன் வேலையாக, செகந்திராபாத்தில் லாலாகுடா வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தார். திரும்பவும் வந்தது. கிராமத்துக்குப் போனார், நின்றது. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி டெஸ்ட் எதற்கு என்பது அவர் கேள்வி. சாப்பாட்டை மாற்றினால் மூலத்து ரத்தம் நிற்கலாம். இந்த ரத்தம் மூலத்து ரத்தம்தான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நீ போய்ப் பேசு. நான் சொன்னா கேக்கமாட்டார். போன்ல ஆஸ்பத்திரின்னு ஆரம்பிச்சாலே கொய்யாவுக்குத் தண்ணி விடணும்னு வெச்சுடறார். பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னா நக்கோ, இனி வேண்டாம். போன தடவை இங்க வந்தப்பவே பேன்ட் இடுப்புல நிக்கல, கவனிச்சியா நீ?"

கவனித்திருந்தேன். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார், ஆணியால்.

சனிக்கிழமை காலை பாசெஞ்சரில் போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ நிற்கும் இடத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு தகரப் பலகை. மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் வைத்தியம் என்று தெலுங்கில் எழுதியிருந்தது. அடுத்த திருப்பத்தில் இன்னொன்று. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, வேறொரு வைத்தியருடையது. கல்யாண மண்டபம் ஒன்றைத் தவிர அந்த ஊரில் இவ்வளவு விளம்பரம் வேறு எதற்கும் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் யாரும் பலகை வைக்கமாட்டார்கள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார். முகம் நன்றாக இருந்தது. கழுத்தெலும்பு நன்றாக இல்லை.

"வந்துட்டியா? உங்கக்கா அனுப்பின சம்மனா?"

"ஹவ். சம்மனேதான்."

பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அம்மாள் மோர் கொண்டுவந்தாள். தனக்கும் கணவருக்கும் சொந்தமான நிலத்தில் மிளகாயும் பருத்தியும் போடுபவள். மாமா அவளிடம் நான் பத்திரிகைக்காரி என்று சொல்லியிருந்தார் போலிருக்கிறது, பேச ஆர்வமாக உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்தில் யாருக்காவது கேன்சர் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"மா ஊர்லோ அட்லாண்டிவி லேவம்மா," என்றாள். எங்கள் ஊரில் அதெல்லாம் கிடையாது. குரலில் கொஞ்சம் பெருமை.

மாமா என்னைப் பார்த்தார்.

அப்படியானால் இங்கே வயதானவர்கள் எதனால் சாகிறார்கள் என்று கேட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள். ஒருவர் பாம்பு கடித்து. ஒருவர் மாரடைப்பு. ஒருவர் குடித்து. அவள் கணவரின் அண்ணனுக்கு வயிற்று வலி. சாப்பிட முடியாமல் காய்ந்துபோய், ஒரு வருஷம் படுத்திருந்து போனார்.

"எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

அவள் ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினாள். தகரப் பலகைகள் இருந்த திசை.

வயிற்று வலி எதுவாகவும் இருக்கலாம். அந்த மனிதர் எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சாப்பிட்டு முடித்து, ரயில் களைப்போடு கழிப்பறைக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டியது. ஜன்னல் இல்லை, மேலே இரண்டு செங்கல் இடைவெளி மட்டும். மஞ்சளாக ஒரு சின்ன பல்பு. கதவைச் சாத்தியதும் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பழகியபின் பேசின் தெரிந்தது. தரையோடு பதித்த பீங்கான். அது வெள்ளையில்லை. அடர்ந்த மெரூன்.

லாலாகுடா வீட்டில் இருப்பது வெஸ்டர்ன். மகள் தன் முதல் போனஸில் போட்டுக்கொடுத்தது, பளிங்கு போல வெள்ளை, தலைக்கு மேலே டியூப்லைட்.

வெளியே வந்து கை கழுவினேன்.

"மாமா, இந்த பேசின் எங்க பிடிச்சீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? கடையில ஒரு மூலையில கிடந்தது, யாரும் எடுக்கல. அந்தக் காலத்துப் பெட்டிக்கு நாங்க அடிச்ச பெயிண்ட் அதே கலர். விடுவேனா?"

"நல்லா இருக்கு. ஆனா அதுல ரத்தம் விழுந்தா தெரியுமா?"

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். கழிப்பறைக் கதவைப் பார்த்தார். பிறகு கொய்யாவுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அவர் தர்க்கத்தில் அவரே குற்றம் கண்டுபிடிக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பயமாக இருந்தது. தண்டவாளத்தை மாற்றினார், சரி. கூடவே காதையும் அடைத்துக்கொண்டார் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் கழிப்பறையில் இருந்தார். ரயிலில் படிக்க நான் கொண்டுவந்திருந்த செய்தித்தாள் கட்டிலில் கலைந்து கிடந்தது. நடுத்தாளைக் காணோம். டீ போட்டு வைத்தேன். வந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் பேப்பரை பேசின் மேல விரிச்சுப் பாத்தேன்."

"மாமா..."

"இங்கயும் வருது. வந்துட்டேதான் இருந்திருக்கு." டீயை ஒரு வாய் குடித்தார். "இத்தனை வருஷம் வேலை பாத்துட்டு, வெளிச்சமே இல்லாத ஷெட்டுல பெட்டியைப் பாத்து ஓகே போட்டிருக்கேன். சூபர்வைசர் இருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பான்."

"இப்ப கேமரா டெஸ்ட்?"

"அதுல நல்லா லைட் இருக்குமா?"

"கேமரா முனையிலேயே இருக்கும்."

"அப்ப சரி. பத்து மணி வண்டிக்குக் கிளம்பு."

சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் செய்தார்கள். பெருங்குடலின் கீழ்ப் பகுதியில் ஒரு வளர்ச்சி. துண்டெடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. குடலை விட்டு வெளியே பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். பதிவு செய்யும் இடத்தில் எந்த ஊர் என்று கேட்டபோது மாமா வாய் திறப்பதற்குள் அக்கா லாலாகுடா முகவரியைச் சொல்லிவிட்டாள். இந்தக் கடைசி மாதங்களைக் கொய்யாத் தோட்டத்தில் கழித்தவர் நகரத்து நோயாளியானார். தவறு என்று சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. இப்படி எத்தனை பேர் அந்தக் கவுண்டரில் எந்த வீட்டு முகவரியைச் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே பில்லுக்குக் காத்திருந்தேன்.

நகரத்தில் இந்த நோய் நிஜமாகவே அதிகமாக இருக்கலாம். ஜொன்ன ரொட்டி நல்லதாகவே இருக்கலாம். நான் கேட்ட டாக்டர்கள் யாரும் மறுக்கவில்லை. வித்தியாசத்தில் எவ்வளவு ரொட்டி, எவ்வளவு டியூப்லைட் என்று பிரித்துச் சொல்லத்தான் யாராலும் முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து, மருந்தெல்லாம் ஆகி, மாமா பழையபடி பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்த பிறகு அவரோடு கிராமத்துக்குப் போனோம். முதல் வேலையாக மெரூன் பேசினை உடைத்து எடுக்கச் சொன்னார். அதன் இடத்தில் வெள்ளை பதித்தார்கள். அக்கா கூரையில் ஒரு பெரிய பல்பு மாட்டவைத்தாள்.

பக்கத்துத் தோட்டத்து அம்மாள் வேடிக்கை பார்க்க வந்தாள். வெள்ளை எதற்கு, கறை தெரியுமே என்று தெலுங்கில் கேட்டாள்.

"கனபடாலனே," என்றார் மாமா. தெரியட்டும் என்றுதான்.

அவள் சிரித்தாள். போகத் திரும்பினாள். போகவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எர்ரகா வஸ்தே அதி வேடி காதா, ஸார்?" சிவப்பாக வந்தால் அது சூடு இல்லையா?

"யாருக்கு?" என்றாள் அக்கா தமிழிலேயே.

அவள் தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் உட்கார்ந்து மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமலேயே, தனக்கு ஒன்றுமில்லை என்று சத்தமாகச் சொன்னார். எங்கே பார்த்தாள் இவள், இருட்டில் வரப்போரம் போகிறவனுக்கு என்ன தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மாமா என் பக்கம் கையை நீட்டினார்.

"பேப்பர்காரி, இன்னிக்குப் பேப்பர் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கலர் விளம்பரம் இல்லாத, வெள்ளை அதிகம் விட்ட ஒரு தாளை உருவிக்கொண்டு வேலியைப் பார்த்து நடந்தார்.