துபாய்க் கல்லும் எங்கள் வள்ளமும்

எங்கள் வள்ளத்தில் போட்ட ஒட்டு இரண்டு தடவை பிரிந்தது. இரண்டு தடவையும் பழி பக்கத்து வீட்டுக்காரியின் கண் மேல்தான் விழுந்தது. அந்தம்மாவுக்குக் கண்புரை. தன் கோழி எது, அடுத்தவள் கோழி எது என்றே தெரியாமல் தினமும் சண்டை போடுகிறவள். "அவ எப்படி நம்ம வள்ளத்த மட்டும் குறி பாத்துக் கண்ணு வெச்சா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, வாய மூடு. நாக்கு அழுகிப் போவும்" என்றாள் அம்மா.

இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் கடற்கரை. ஃபைபர் வள்ளம். கரை ஏற்றும்போது அலைத் தடுப்புக் கல்லில் மோதி, முன்பக்கத்து அணியத்தில் விரிசல் விட்டது. அப்பாவுக்கு இருப்பது அந்த ஒரே வள்ளம். அது மணலில் கிடந்ததால் சித்தப்பாவின் வள்ளத்தில் வலை இழுக்கப் போனார். தன் வள்ளத்தில் எஞ்சின் பிடித்து உட்கார்ந்தவர், தம்பி "இழு, இழு" என்று விரட்ட இழுத்தார். கணவாய் மீன் சீசன் வேறு தொடங்கியிருந்தது.

ஒட்டுப் போடுமுன் விரிசலைச் சுற்றித் தேய்க்க வேண்டும். அந்த வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். அத்தான் என்றால் அக்காவைக் கட்டியவர். துபாயில் இரும்பு வேலை. லீவில் வந்தபோது ஒரு கிரைண்டரும் பெட்டி நிறையக் கல் டிஸ்க்கும் கொண்டு வந்திருந்தார். எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு அடுத்தபடி அந்தப் பெட்டிக்குத்தான் மரியாதை.

"ஃபாரின் கல்லாக்கும். நாலு வள்ளம் தேச்சாலும் தேயாது" என்பார்.

தேயாததுதான் சங்கடம். இரண்டாவது ஒட்டு, எண்ணெய் விட்ட கல்லிலிருந்து தோசை வருவதுபோல் முழுசாக உரிந்து வந்தபோது, எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டார்கள். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்றிருந்தது. வள்ளத்தில் அது இருந்த இடத்தில் பழுப்பாகத் தீய்ந்த வளையங்கள். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இதை நான் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. ஃபைபரில் உள்ள ரெசின் பசை சூட்டில் இளகிக் கல்லின் துளைக்கண்களை அடைத்துவிடும். அடைத்த கல் அறுக்காது, சூடேற்றிப் பளபளப்பாக்கும். பளபளத்த இடத்தில் புது ரெசினுக்குப் பிடிக்க எதுவுமில்லை.

"அத்தான், இது இரும்புக்கு உள்ள கல்லு. ஃபைபருக்குச் சொரசொரப்பான பேப்பர் டிஸ்க்கு போடணும்."

"பேப்பரா? கொழுந்தியா, நான் பதினொரு மாடி கட்டடத்துக்கு வெல்டிங் வெச்சவனாக்கும்."

"அது கடல்ல மிதக்காதுல்லா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வேண்டாம் என்று சொல்லாததை நான் சரி என்று எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

"ஆருக்கு மோளே?" என்றார் ஹார்ட்வேர் கடைக்காரர், டிஸ்க் கேட்டதும்.

"எனக்கு."

"வீட்டுல ஆம்பளையாளு இல்லியா?"

"இருக்காவ. கண்ணு வெச்சது ஆருன்னு கண்டுபிடிச்சிட்டு இருக்காவ."

சொரசொரப்பான முப்பத்தாறாம் நம்பர் பேப்பர் டிஸ்க்கும், அதன் பின்னால் மாட்டும் ரப்பர் தட்டும் வாங்கினேன். ரப்பர் இருந்தால் வள்ளத்தின் வளைவுக்கு டிஸ்க்கும் வளையும். கடைசியில் மேலே மெழுக, நைசான எண்பதாம் நம்பர். அதை முதலிலேயே போட்டால் மறுபடியும் வழவழப்புதான்.

ஃபைபர் தூசி மேலே பட்டால் செந்தட்டிச் செடி பட்ட அரிப்புதான். கொரோனா காலத்து மாஸ்க்கும், அத்தானின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். வேறு யாருடைய சட்டையையும் பாழாக்க மனம் வரவில்லை. அத்தானின் கிரைண்டரிலேயே டிஸ்க்கை மாட்டி, தீய்ந்த தோலெல்லாம் போகும்வரை, விரிசலைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சரிவாகத் தேய்த்தேன். டிஸ்க் சீக்கிரமே மொட்டையாகும். மொட்டையானதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டினேன்.

"மாமா, ஓட்டைய அடைக்கச் சொன்னா இவ பெருசாக்குதா பாத்தியளா!" என்று கத்தினார் அத்தான்.

அப்பா வந்து தேய்த்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். சொரசொரப்பு அவர் காய்த்த கைக்கே உறைத்திருக்கும். "ஒட்டட்டும்" என்றார். நானே கண்ணாடி நார்ப் பாயை வெட்டி, ரெசின் பூசி, அடுக்கடுக்காக ஒட்டினேன். அம்மா விடாமல் பங்குச் சாமியாரை அழைத்து வள்ளத்தை மந்திரிக்க வைத்தாள். அவரும் ஒட்டின் மேல் கொஞ்சம் தாராளமாகவே தண்ணீர் தெளித்தார். ரெசின் நன்றாக இறுகியிருந்தது, நான் தடுக்கவில்லை.

அப்பா கடலுக்குப் போனார். விடிந்து வள்ளம் கரைக்கு வந்ததும், கணவாயை யாரும் பார்ப்பதற்குள் நான் அணியத்துக்குள் கையை விட்டேன். உள்ளே பொட்டு ஈரமில்லை. மந்திரித்த தண்ணீர் என்றாள் அம்மா. துபாய் கிரைண்டர் என்றார் அத்தான். அப்பா வலையை உதறிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சித்தப்பாவின் வள்ளம் அதே கல்லில் மோதியது. கல் டிஸ்க் கேட்டு அவர் வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தான் பெட்டியை எடுக்க எழுந்தார்.

"அது இரும்புக்கு உள்ளதுலே" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலை தூக்காமல். "பேப்பர் டிஸ்க்கு வாங்கு. முப்பத்தாறாம் நம்பரு. கல்லு போட்டா பளபளன்னு ஆயிரும், ஒட்டு பிடிக்காது."

"ஒனக்கு இதெல்லாம் ஆரு சொன்னா?"

"இங்க ஒண்ணு படிச்சிட்டுக் கெடக்குல்லா, அதக் கூட்டிட்டுப் போ. சட்டைய மட்டும் ஒளிச்சு வெச்சுக்க."