கெசியா எறிந்த இஸ்திரிப் பெட்டி

தென் இங்கிலாந்தில், எங்கள் சசெக்ஸ் கிராமத்தில் கெசியா ஏக்கர்ஸ்ட் வாயால் ‘நன்றி’ என்று யாரும் கேட்டதில்லை. ஊர்த் துணியெல்லாம் அவள்தான் வெளுத்தாள். சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுத்து அழுக்குக்கு இரண்டு திட்டும் சேர்த்துக் கொடுப்பாள். பக்கத்து வீட்டில் மாடு வைத்துப் பிழைக்கிற எனக்குத் தினமும் உண்டு.

அவள் வாடகைக்கு இருந்தது கோயிலை ஒட்டிய பழைய பாதிரியார் வீட்டில். பாதிரியார்கள் செங்கல் வீட்டுக்குப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. கெசியாவின் மாமனார் காலத்தில், சுவரைத் தாங்கும் மரச்சட்டம் வெளியே தெரிந்தால் ஏழை வீடு என்று எல்லோருக்கும் வெட்கம். அவரும் மரத்தையெல்லாம் காரை பூசி மூடிவிட்டார். மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்து கொடுக்கும், காரை கொடுக்காது. சுவரெங்கும் விரிசல் விட்டது. உள்ளே மரம் இருப்பதையே ஊர் மறந்து போயிருந்தது.

விரிசலைப் பார்த்துப் பயந்து, வீட்டை இடிப்பதென்று கோயில் குழு முடிவு செய்தது. அதைச் சொல்ல வந்தவர் பாதிரியார் லாம்போர்ன். நல்ல மனுஷன், அதனாலேயே சுற்றி வளைத்துப் பேசினார். ஏழைகள் விடுதியில் அவளுக்கு இடம் கேட்டு வைத்திருப்பதாக அவர் சொன்னதுதான் தாமதம், கெசியா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி பறந்தது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். பாதிரியார் தலையெல்லாம் தூசி.

“உங்க மேல எறியலைங்க ஐயா,” என்றாள் கெசியா. “சுவத்து மேலதான். எப்படியும் இடிக்கத்தானே போறீங்க?”

பாதிரியார் சுவர் பக்கம் போனார். காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் பருமனில் ஓக் தூண், மர ஆணிகள் அறைந்தது அறைந்தபடி. தச்சர் டப்பனை வரவழைத்தோம். மரம் உளுத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்தார், குத்தூசி உள்ளே இறங்க மறுத்தது.

“கிழிஞ்சது சட்டைதான் ஐயா, உடம்பு கல்லு மாதிரி இருக்கு,” என்றார்.

பாதிரியார் கெசியா பக்கம் திரும்பினார். “உங்களுக்குக் கோபம் வராம இருந்திருந்தா, நான் பெரிய பாவம் பண்ணியிருப்பேம்மா.”

குழுவினரை ஒவ்வொருவராக இழுத்து வந்து அந்தத் தூணைத் தொடவைத்தார். இடிப்பது நின்றது.

கோடை முழுக்கக் காரையை உரித்து, தூண்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பினார்கள். கடைசியில் தரை. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லை இடித்துக் கெட்டித்து, இறுகுவதற்குப் புளித்த பாலை ஊற்றுவோம். அவ்வளவு பாலுக்கு எங்கே போவது? நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஊரே வாளி வாளியாகக் கொண்டுவந்தது. கெசியா வாசலில் நின்று ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள்.

“இது புளிச்ச பாலாடீ?” என்றாள் என்னிடம். “உன் மூஞ்சியைக் காட்டியிருந்தா இன்னும் நல்லா புளிச்சிருக்கும்.”

தரை காய்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரையும் கூப்பிட்டாள். பூட்ஸைக் கழற்றச் சொன்னாள், பாதிரியாரையும்தான். அவர் காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. திங்கட்கிழமை அதைத் தைக்கக் கொடுத்துவிடும்படி அதட்டினாள்.

“முதல்ல நீங்க மிதிங்க,” என்றாள். “உங்க பாலு.”

நாங்கள் போய் உத்தரங்களை அண்ணாந்து பார்த்து நின்றோம். கடைசியாக அவள் வந்தாள். இஸ்திரிப் பெட்டி பட்ட தூணில் கை வைத்தாள்.

“எல்லாருக்கும் நன்றி,” என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். அடுத்த மூச்சிலேயே அவள், போகும்போது பூட்ஸை மாற்றி மாட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று விரட்டினாள்.

சாகிறவரை கெசியா அங்கேதான் இருந்தாள். இப்போதும் வசந்தம் வந்தால் அந்தத் தரைக்கு ஒரு வாளி புளித்த பால் கொண்டுபோகிறேன். யாரும் கேட்பதில்லை. அந்த வீடு நின்றதால்தான் கடைசிவரை எனக்குத் தினமும் திட்டு கிடைத்தது.