மாமா வைத்த நேர்த்தி

பிள்ளைகளே, என் இரத்தத்தில் இருப்பது அரிவாள் செல் நோய். வட்டமாய் இருக்க வேண்டிய சிவப்பு அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசம். அப்போது எலும்புக்குள் வரும் நோவோடு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கும் டாக்டர் அம்மா, புது மருந்துக் குளிசை ஒன்றைச் சோதிக்கிறோம், சேர விருப்பமா என்று கேட்டார். இது ஆரம்பக் கட்டம், பலன் இருக்குமோ தெரியாது, பக்கவிளைவு வரலாம், வேண்டாமென்றால் இடையில் விலகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். தொடங்கும்வரை நோவு வந்து படுக்கக் கூடாது, படுத்தால் சேர்க்கமாட்டார்கள். நான் ஓம், சேருகிறேன் என்றேன்.

பிறகு, ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்கு அறிவாளிகள் வரத் தொடங்கினார்கள். உன்னை எலியாக்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். வெளியே சொல்லாதே, மகளுக்குச் சம்பந்தம் வராது என்றார் இன்னொருவர். மகளுக்கு அப்போது பால்பல்லே விழவில்லை. எல்லோரும் உங்கள் அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் பயந்தார்கள்.

இவர்களுக்குத் தலைவர் உங்கள் பெரிய மாமா, அம்மாவின் தமையன். கந்தசஷ்டி ஆறு நாளும் பகலில் தண்ணீரும் வாயில் படாமல் நான் விரதம் இருப்பதாக முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்து, அதை நல்ல செய்தியாகச் சொன்னார். நேர்ந்தது அவர், காயப் போவது என் வயிறு. சஷ்டி முடிந்த கையோடு, என்னைச் சேர்ப்பதா என்று பார்க்கும் ஆஸ்பத்திரிப் பரிசோதனை. தண்ணீர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று விளங்கப்படுத்தினேன்.

"சும்மா கதையாதை தம்பி. முருகனுக்குத் தெரியாததோ உன்ர டாக்குத்தருக்குத் தெரியும்?"

"அப்ப உங்கட பிறஷர்க் குளிசையை நிப்பாட்டுங்கோ அண்ணை. முருகன் பாப்பார்."

அது வேறு என்றார்.

அம்மா அழுதாள். நேர்த்தி தவறினால் உங்களுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியதற்காகத்தான் எனக்கு அவர்மேல் ஆத்திரம்.

"நேந்தது நீங்கள். விரதத்தையும் நீங்களே பிடியுங்கோ அண்ணை" என்றேன்.

தங்கைக்கு முன்னால் மறுக்க முடியாமல் தலையாட்டினார். விரத நடுவில் ஒரு மத்தியானம் போர்கோ வெக்கியோ சந்தையில் அவரைக் கண்டேன். இறைச்சி வைத்துப் பொரித்த சோற்றுருண்டையை, அதுதான் நீங்கள் கேட்டு அழும் அரஞ்சீனாவை, இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மரக்கறிதான் என்றார். மரக்கறி என்றால் விரதம் முறியாதாக்கும். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவள் மறுபடி பயந்திருப்பாள்.

நான் தண்ணீர்ப் போத்தலும் கையுமாகத் திரிந்தேன். நோவு வரவில்லை. பரிசோதனையில் எடுபட்டேன். முதல் குளிசையை விழுங்க வைத்து, கட்டிலில் இருத்தி, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். அந்த நேரம் மாமா எனக்குப் போன் எடுத்தார்.

"பாத்தியே தம்பி, என்ர விரதம் வீண்போகேல்லை."

தாதி ஊசியோடு நின்றார். கை நீட்ட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

குளிசை பலிக்குமோ என்று எனக்கு இன்னும் தெரியாது. பலித்தால் மாமா கோயில் மண்டபத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்பார். பலிக்காவிட்டால், நான் விரதம் பிடிக்காததுதான் காரணம்.